கூடம் கோணல்

பதினெட்டுத் தவணையில் முதலாவது போன அன்று
லென்ஸ் வந்தது. அறுநூறு மில்லிமீட்டர்.
கைக்குழந்தை கனம்.

வாட்சோவுக்கும் வார்தோவுக்கும் இடையே
பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.
விடிகாலை மூன்றுக்குத் தொடங்கினால் பதினொன்றுக்கு முடியும்.
அதற்குப் பிறகு மார்ச் மாதத்து வெளிச்சம்
எவ்வளவு மிச்சமோ அவ்வளவும் என்னுடையது.

முதல் நாள் நூற்றுப் பன்னிரண்டு படம்.
ஃபியோர்டின் நடுவே அரச ஈடர் வாத்துகள்;
ஆணுக்கு ஆரஞ்சு நெற்றி, நீலத் தலை
என்கிறது கையேடு.
என் படத்தில்
நனைந்த காகிதத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பொட்டுகள்.

கை நடுங்கியிருக்கும் என்று
ஷட்டரை இரண்டாயிரத்தில் ஒன்றுக்கு ஏற்றினேன்.
மங்கல்.
துளையை எட்டுக்குச் சுருக்கினேன்.
மங்கல்.
முன்கண்ணாடியில் திருகியிருந்த மலிவு ஃபில்டரைக் கழற்றிக்
குப்பையில் போட்டேன், பிறகு பொறுக்கி எடுத்தேன்.
காய்ந்த பட்டாணி அடைத்த பையைக்
கார் ஜன்னலில் வைத்து
அதன்மேல் லென்ஸைப் படுக்கவைத்தேன்.
நிம்மதியாகப் படுத்துக்கொண்டு
மங்கலாகவே பார்த்தது.

பட்டறையில் எய்லெர்ட் சொன்னான்:
ஆட்டம் தடுக்கும் பொத்தானை அணை.
அசையாத இடத்தில் அது
இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே ஆடும்.
(அவன் மனைவியைப் பற்றியும் இப்படித்தான் ஒருமுறை சொன்னான்.)
அணைத்தேன்.
வீட்டுக்குள் ஐந்து மீட்டர் தள்ளி
மீனுருண்டை டப்பாவை நிறுத்தி எடுத்தேன்:
காலாவதித் தேதி, பார்கோடின் மயிரிழை,
மூடியோரத்துத் துரு, எல்லாம் கத்தி.
கடலுக்குத் திருப்பினால் கஞ்சி.

கோபத்தில் ஓஸ்லோவுக்கு அனுப்பினேன்.
மூன்று வாரம் கழித்துத் திரும்பிய பெட்டியில் ஒரு தாள்:
சோதித்தோம். குறை எதுவும் இல்லை.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
அதை இதைவிடப் பணிவாக
யாராலும் எழுத முடியாது.

ஏப்ரலில் ஒரு நாள்
காரின் ஹீட்டர் செத்தது.
வெளியே மைனஸ் ஒன்பது, உள்ளேயும் மைனஸ் ஒன்பது.
ஜன்னலை இறக்கினேன்.
மூச்சைக் கழுத்துத்துணிக்குள் விட்டுக்கொண்டு
வெறும் பழக்கத்தில் பத்துப் படம்.

திரையைப் பார்த்தவள்
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.
இறகு. ஒவ்வோர் இறகும் தனித்தனியாக.
அலகின் நுனியில்
விழலாமா வேண்டாமா என்று ஒரு சொட்டு.

இத்தனை நாளும்
இருபத்திரண்டு டிகிரியில் உட்கார்ந்து
என் கதகதப்பை ஜன்னல் வழியே குளிரில் கொட்டிக்கொண்டு
அதன் ஊடாகவே பார்த்திருக்கிறேன்.
கோணல் இல்லை. கானல்.
பாலைக்கென்று இருந்த சொல்
என் மடியிலிருந்து கிளம்பிப்
பனிக்கடலின் முகத்தில் நெளிந்திருக்கிறது.

ஹீட்டரைச் சரிபண்ணட்டுமா என்றான் எய்லெர்ட்.
ஜூன் வரை வேண்டாம் என்றேன்.

இரவு, பத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஏழாவதில்
அந்த ஆணின் வலது இறக்கைக்குக் கீழே
நூல். நைலான். மூன்று சுற்று.
சதை கொஞ்சம் பிதுங்கி.

இயற்கைக் காவல் அலுவலகத்து ஹெர்போர்க்
படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்,
நல்ல கூர்மை.
நாளைக்குப் படகு எடுக்கிறேன் என்றாள்.
நாளைக்குக் காற்று. மறுநாளும் காற்று.
மூன்றாம் நாள் விரிகுடாவில் தண்ணீர் மட்டும் இருந்தது.

மார்ச் படங்களை இன்று அழித்துக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தாறாவதில்
கூட்டத்தைவிட்டுச் சற்றே விலகி
ஓர் ஆரஞ்சுப் பொட்டு.
பெரிதாக்கினேன், பொட்டும் பெரிதானது,
அவ்வளவுதான்.
அது அவனா, அன்றைக்கே நூல் இருந்ததா
என்று கேட்டால் சொல்லாது.

அதை மட்டும் விட்டுவைத்தேன்.